கல்லை இறக்காத தில்லாயி

சோழிக்குப்பத்தில் கடல் முதன்முதலாக அசையாமல் நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். கழுத்து வலி பொறுக்காத ஒருத்தி அதை அதட்டினாள், அது நின்றது. ஊர்க்காரர்கள் யாரும் இதை வாயைப் பிளந்துகொண்டு சொல்வதில்லை. கரைக்கு வந்துகொண்டிருந்த ஏழு கட்டுமரங்கள் பாதி வழியில் மாட்டிக்கொண்டதையும், அதிலிருந்தவர்கள் வேறு வழி தெரியாமல் இறங்கித் தண்ணீர்மேல் நடந்தே வீட்டுக்கு வந்து, கஞ்சி குடித்துவிட்டு, மறுபடி நடந்து போய்த் தங்கள் மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டதையும், அதில் ஒருவன் மட்டும் திரும்பிப் போகச் சோம்பல்பட்டுத் தூங்கிவிட்டதால் அவன் மரம் ஆளில்லாமல் தனியே கரைக்கு வந்து சேர்ந்ததையும்தான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

அதட்டியவள் தில்லாயி, கடல் சுவருக்குக் கல் சுமந்தவள், கலியன் பெண்டாட்டி.

அது வெள்ளைக்காரன் காலம். மூன்று வருஷமாகக் கடல் கரையைத் தின்றுகொண்டிருந்தது. முதல் வருஷம் வலை காயப்போடும் மணல்மேட்டைத் தின்றது, இரண்டாம் வருஷம் கட்டுமரம் ஏற்றி வைக்கும் இடத்தைத் தின்றது, மூன்றாம் வருஷம் ஊர்த்தலைவர் பஞ்சவர்ண நாட்டாரின் மாட்டுக்கொட்டகையை மாட்டோடு சேர்த்துத் தின்றது. அதுவரை ஏன் என்று கேட்க நாதியில்லை. நான்காம் வருஷம் சர்க்கார் உப்புக் கிடங்கின் படிக்கட்டை அலை லேசாக நனைத்துவிட்டுப் போனது, அவ்வளவுதான், ஒரே மாதத்தில் மலையை உடைத்து வண்டி வண்டியாகக் கல் வந்து இறங்கியது, கூடவே ஒரு துரையும் வந்து இறங்கினார். உப்புக் கிடங்குக்கு வடக்கே ஒரு முளை, தெற்கே ஒரு முளை அடித்து, இதற்கு நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் ஓர் ஆள் உயரம் சுவர் எழும்ப வேண்டும் என்றார். தெற்கு முளையிலிருந்து நாற்பது அடி தள்ளி தில்லாயியின் வீடு, அங்கே தொடங்கிப் பனைமேடு வரை நாலு வரிசையாக அறுபது வீடு, அதுதான் குப்பம்.

"சுவரு முடியிற எடத்துல கடலு எங்க போவும் மேஸ்திரி?" என்று கலியன் கேட்டான்.

மேஸ்திரி சபாபதி உள்நாட்டுக்காரன், துரையின் பாஷை தெரிந்தவன், கடலைக் கண்டால் இரண்டடி பின்னால் போகிறவன். "அது கடலோட இஷ்டம்" என்றான்.

கடலோடு குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அதன் இஷ்டம் தெரியாதா என்ன? சுவரில் முட்டிய தண்ணீர் சுவரோரமாகவே ஓடி, அது முடிகிற இடத்தில் இரட்டைப் பசியோடு கடிக்கும். ஐப்பசி பிறந்தால் அறுபது வீட்டுக்கும் கஞ்சிப்பானை கூட மிஞ்சாது. நாட்டார் பத்துப் பேரோடு போய்த் துரையிடம் நின்றார். துரை கெட்டவர் இல்லை, அதுதான் சங்கடம். முதலில் கிடங்கு, பிறகு தேவைப்பட்டால் பனைமேடு வரை, அதற்கும் சேர்த்தே கல் வந்திருக்கிறது, என்று கரையில் குவிந்து கிடந்த கற்களைக் காட்டினார். அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டே குப்பம் முழுவதும் வேலைக்குப் போனது. ஆண்கள் பெரிய கல்லைக் கயிற்றில் கட்டி நாலு பேர் தோள்கொடுத்துத் தூக்கினார்கள், பெண்கள் நடுவில் அடைக்கிற கல்லைச் சும்மாட்டின்மேல் வைத்துச் சுமந்தார்கள்.

துரைக்குச் சுவர் கட்டுவது பாதி வேலை. மீதி வேலை அதைப் படம் எடுத்துச் சென்னப்பட்டணத்துக்கு அனுப்புவது. அங்கே இருக்கிற பெரிய துரைகள் எழுத்தை நம்பமாட்டார்களாம், கண்ணாடியில் பதிந்ததைத்தான் நம்புவார்களாம். மூன்று கால் வைத்த மரப்பெட்டி, முன்னால் பித்தளைக் குழாய், பின்னால் ஒரு கறுப்புத் துணி. அதற்குள் தலையை விட்டுக்கொண்டு அரைமணி நேரம் நிற்பதால் கறுப்புத்துணித் துரை என்று அவருக்குப் பேராயிற்று. ஒரு சின்னக் கூடாரத்துக்குள் போய்க் கண்ணாடித் தகட்டில் எதையோ பூசி, அது காய்வதற்குள் ஓடிவந்து பெட்டியில் செருகி, குழாயின் மூடியைத் திறந்து, மறுபடி மூடுகிறவரை யாரும் அசையக்கூடாது. மேஸ்திரி முப்பது எண்ணுவான். முப்பது எண்ணுவதற்குள் அசைந்தவன் படத்தில் புகையாகிவிடுவான்.

முதல் படத்தில் நூற்றைம்பது பேர் நின்றார்கள். படத்தில் வந்தது சுவர், தில்லாயி, இரண்டு கால்கள். மற்றதெல்லாம் புகை. அந்தக் கால்கள் தன்னுடையவை என்று கலியன் அடையாளம் கண்டுகொண்டான். இடுப்புக்கு மேலே தான் இல்லாததைப் பார்த்துவிட்டு, இனி ஆயுசு கெட்டியில்லை என்று இரண்டு நாள் பாயில் படுத்துக்கிடந்தான். மூன்றாம் நாள் பசித்தது, எழுந்து கடலுக்குப் போய்விட்டான்.

தில்லாயி மட்டும் அசையவில்லை. தலையில் கல் இருந்தால் அவளுக்கு அசையத் தோன்றாது, அது அவள் உடம்பு வாகு. துரைக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. ஒவ்வொரு படத்திலும் சுவர் பக்கத்தில் அவள் நிற்க வேண்டும், சுவர் எவ்வளவு உயரம் என்று பட்டணத்தில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே.

"எனக்குப் பேரு கெடையாதாமா?" என்று அவள் மேஸ்திரியைக் கேட்டாள்.

"படத்துக்குக் கீழ 'அளவுக்கு ஒரு பெண்'னு எழுதுறாரு. அது போதாதா ஒனக்கு?"

துரைக்கு ஒரே ஒரு குறை. எத்தனை முறை எடுத்தாலும் கடல் மட்டும் புகையாகவே வந்தது, பஞ்சை அள்ளிக் கொட்டியது போல. ஒரு செவ்வாய்க்கிழமை அவருக்குப் பொறுமை போய், துணியிலிருந்து சிவந்த முகத்தை வெளியே நீட்டிக் கடலைப் பார்த்தே கத்தினார். மேஸ்திரி விழித்தான். துரை சொன்னதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஆனால் கடலுக்கு உத்தரவு போட அவனுக்குத் தைரியம் இல்லை. "தில்லாயி, கடலு ஆடுதாம். நீதான் கிட்ட நிக்கிற, நீயே சொல்லு" என்றான். மூன்றாம் முறையாகக் கல்லோடு நின்றுகொண்டிருந்த தில்லாயிக்குக் கழுத்து இற்றுப்போய்க்கொண்டிருந்தது, எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியிருந்தது. "ஏண்டி, செத்த நேரம் சும்மா கெடக்க மாட்டியா நீ?" என்று, வீட்டில் கொதிக்கிற உலையை அதட்டுவாளே, அந்தக் குரலில் அதட்டினாள்.

கடல் சும்மா கிடந்தது. எழும்பிய அலை எழும்பியபடி நின்றது, உடைந்த அலை உடைந்தபடி நின்றது, தெறித்த துளி தெறித்த இடத்திலேயே நின்றது. துரை மகிழ்ச்சியில் தகடு மாற்றித் தகடு மாற்றி நாலு படம் எடுத்தார். தில்லாயி கல்லை இறக்கிக் கழுத்தைச் சொடுக்கியதும் கடல் விட்ட இடத்திலிருந்து இரைந்தது.

அதற்குப் பிறகு, அவள் கல்லோடு நின்று சொன்னால் கடல் நிற்கும், அவள் அசைந்தால் அசையும் என்பது, உப்புக் காற்றில் பூட்டு துருப்பிடிக்கும் என்பதைப் போல ஊருக்குப் பழகிப்போயிற்று. நின்ற கடலில் கால் வைத்தால் தாங்கும், கை வைத்தால் வழிவிடும். ஆகவே படம் எடுக்கிற நாளில் பெண்கள் கூடையோடு போய், நிற்கிற அலைக்குள் கையை விட்டு, கொடியில் காய் பறிப்பதுபோல் வாளை மீனைப் பறித்து வந்தார்கள். நாவிதர் அலைக்கு முன்னால் மணை போட்டு, எதிரே தெரிகிற முகத்தைப் பார்க்கச் சொல்லிச் சவரம் செய்தார். காத்தாயி என்பவள் நாலு வருஷத்துக்கு முன் மாமியார் எடுத்து ஒளித்துவிட்டதாகச் சண்டை போட்டுக் கிடந்த பித்தளைச் சொம்பு, ஓர் அலையின் வயிற்றில் மினுக்கிக்கொண்டு நின்றது. மாமியார் அதைக் காட்டிக் காட்டி மூன்று தெரு கேட்க அழுதாள். கோயில் பூசாரி, நின்ற கடலில் யாரும் எச்சில் துப்பக்கூடாது என்றார். நாட்டார் ஊரைக் கூட்டிச் சட்டம் போட்டார்: அலையைக் கத்தியால் கீறக்கூடாது, ஒரு வீட்டுக்கு ஒரு கூடைக்கு மேல் மீன் பறிக்கக்கூடாது, கடல் சாதுவாக இருக்கும் நாளில்தான் படம் எடுக்க விட வேண்டும், முரட்டுக் கடலை நிறுத்தினால் நடுவில் மாட்டுகிற மரம் உடைந்து போகும்.

இந்த மூன்றாம் சட்டத்தில்தான் சனியன் உட்கார்ந்திருந்தது. கடல் குதிக்கிற நாளில் துரை பெட்டியைத் தூக்கி வந்தால், "இன்னிக்கு அவளுக்கு ஒடம்பு சரியில்ல" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். புரட்டாசி முடிவதற்குள் இருபது படம் பட்டணத்துக்குப் போனது, இருபதிலும் முழங்காலைத் தாண்டாத அலை.

கிடங்குச் சுவர் முடிந்த வாரம் பட்டணத்திலிருந்து கடிதம் வந்தது. மேஸ்திரி கல் குவியல்மேல் ஏறி நின்று வாசித்தான்.

"படங்களைப் பார்வையிட்டதில் சோழிக்குப்பத்துக் கடல் சாந்தமானது என்று தெரிகிறது. எதிலும் அலை அந்தப் பெண்ணின் முழங்காலுக்கு மேல் இல்லை. ஆகவே சுவரை நீட்டத் தேவையில்லை. மிச்சக் கல்லை ரயில் பாதைக்கு அனுப்பவும்."

எல்லாரும் தில்லாயியின் முழங்காலைப் பார்த்தார்கள். அவளும் குனிந்து பார்த்தாள். அவமானத்தில் அவளுக்குக் காது இரண்டும் சுட்டது. அறுபது வீட்டையும் கடலுக்குக் கொடுக்கச் சொல்லித் தன் காலே சாட்சி சொல்லிவிட்டதே என்று நினைத்தபோது, அந்தக் காலை வெட்டிப் போட்டுவிடலாம்போல் இருந்தது.

"ஐப்பசிக் கடல ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லு மேஸ்திரி" என்றாள்.

மேஸ்திரி போய்க் கேட்டு வந்தான். "உத்தரவு வந்தது வந்ததுதானாம். வெள்ளிக்கிழமை வண்டி வருது. அதுக்கு முன்ன கடைசியா ஒரு படம், தெக்கு முளைகிட்ட. நீ நிக்கணுமாம்."

நாட்டார் ஊரைக் கூட்டினார். மனு எழுதலாம் என்றார்கள், யாரை விட்டு எழுதுவது என்றார்கள், எழுதினாலும் போய்ச் சேருவதற்குள் ஐப்பசி வந்துவிடுமே என்றார்கள். சோழிக்குப்பத்தில் ஊர்க் கூட்டத்தில் பெண்கள் பேசுவது வழக்கமில்லை. தில்லாயி வெளியே நின்று, உள்ளே கேட்கும்படி பேசினாள்.

"நீங்க மனு எழுதுங்க நாட்டாரே. நான் நிக்கிறன். நான் நிக்கிற மட்டும் கடலு வராது. பனைமேட்டுலேருந்து நீங்க கல்ல அடுக்கிக்கினே வாங்க, சுவரு எங்கிட்ட வந்து சேர்ற மட்டும் நிக்கிறன்."

"எரநூறு அடி இருக்கு தாயி. எத்தினி நாளு நிப்ப?"

"என்னால ஆன தப்பு. எத்தினி நாளானாலும் நிப்பன்."

கலியன் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தான். பெண்டாட்டி துரையின் குழாய்க்கு முன்னால் நிற்பது அவனுக்கு என்றைக்கும் பிடித்ததில்லை, இரண்டு தடவை அதற்காகச் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறான். அவன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான். "மொதக் கல்லு நான் தூக்குறன்" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை கடல் ஐப்பசிக்கு முன்பணம் கொடுத்ததுபோல் குதித்தது. நாட்டார் ஒரு மரத்தையும் கடலுக்குள் விடவில்லை. தில்லாயி தெற்கு முளையைக் காலால் தட்டிப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்தக் குழியில் கால் ஊன்றி நின்றாள். இருப்பதிலேயே சதுரமான கல்லைக் கலியன் அவள் தலையில் தூக்கி வைத்தான். துரை துணிக்குள் போனார். முதல் அலை வந்தது, அவள் விட்டாள். இரண்டாம் அலை வந்தது, விட்டாள். மூன்றாவது அலை கிடங்குச் சுவருக்கு மேலே இரண்டு பனை உயரம் எழும்பி, உப்புக் கிடங்கின் ஓட்டுக்கு நேராக நாக்கை நீட்டியபோது, "நில்லுடி" என்றாள்.

நின்றது. துரை மூடியைத் திறந்து மூடினார். மேஸ்திரி முப்பது எண்ணி முடித்தான்.

"ஆச்சு, எறக்கு தில்லாயி."

"எங்க எறக்கறது?"

"எங்கியாவது எறக்கு!"

"சுமந்தவளுக்கு வைக்கிற எடம் காட்டணும் மேஸ்திரி. சுவரு வரட்டும், அதுல வைக்கிறன்."

அதற்குள் பனைமேட்டில் முதல் கல் விழுந்துவிட்டது. அலை பின்வாங்கி நின்ற இடத்தில் மணல் பளிச்சென்று கிடந்தது, அஸ்திவாரத்துக்கு அதைவிடத் தோதான நாள் வராது. கல் ஏற்ற வந்த வண்டிக்காரர்கள் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டிவிட்டு அவர்களும் தோள் கொடுத்தார்கள். வலையைத் தவிர வேறெதுவும் தூக்கியிராத கிழவர்கள் கல் தூக்கினார்கள், மாமியாரும் காத்தாயியும் ஒரே கல்லை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போனார்கள், பூசாரி பூணூலைத் தோளில் சுற்றிக்கொண்டு சின்னக் கல்லாகப் பார்த்துத் தூக்கினார். உப்பு ஏற்ற வந்த தோணிகள் தூரத்தில் நட்டுவைத்த மாதிரி நின்றன.

மறுநாள் தாசில்தார் சேவகர்களோடு குதிரையில் வந்தார். யாரைக் கேட்டு சர்க்கார் கல்லைத் தொட்டீர்கள் என்று குதித்தார்.

"அவளைப் புடிச்சுத் தள்ளுங்கடா!" என்றார்.

சேவகர்களில் மூத்தவன் கிடங்குக்கு மேலே நின்றுகொண்டிருந்த அலையை அண்ணாந்து பார்த்தான். அதற்கு நேர் கீழேதான் தாசில்தாரின் குதிரை நின்றது.

"எசமான், நீங்களே ஒரு கை வச்சுருங்களேன்" என்றான்.

தாசில்தாரும் அண்ணாந்து பார்த்தார். பார்த்துவிட்டு, மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்று குதிரையைத் திருப்பினார். துரையின் பெட்டியும் கூடாரமும் அதே அலைக்குக் கீழேதான் இருந்தன. அவர் மேஸ்திரியைக் கூப்பிட்டு மெதுவாக ஏதோ சொன்னார். மேஸ்திரி வந்து, "சீக்கிரம் முடிச்சிடச் சொல்றாரு" என்றான். சொல்லிவிட்டு, துரை பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, அவனும் ஒரு கல்லைத் தூக்கினான்.

மூன்று நாள் நின்றாள். கூழை வாயில் ஊற்றினார்கள், உதடு மட்டும் அசைந்தது, அப்போது கடலோரத்தில் ஒரு சின்ன நுரை சிலிர்த்து அடங்கியது. மூக்கில் ஈ உட்கார்ந்தால் ஓட்டுவதற்கு ஒருத்தி, வேர்வை துடைக்க ஒருத்தி, கால் மரத்துப்போகாமல் வெந்நீர் ஊற்ற ஒருத்தி. மூன்றாம் நாள் கழுத்து நரம்பு கயிறுபோல் புடைத்து நின்றது, கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. கலியன் கல்லைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"போதும் புள்ள. எறக்கிடு. எங்கியாவது போய்ப் பொழச்சுக்கலாம்."

அவள் உதட்டைப் பிரிக்காமலே பேசினாள். "இன்னும் எத்தினி அடி?"

"பதினஞ்சு."

"அப்ப என்னா இங்க நின்னு பேசிக்கினு இருக்க?"

அவன் அழுதுகொண்டே ஓடினான். அன்று பொழுது சாயும் நேரத்துக்குத் தெற்கிலிருந்து வந்த சுவர் அவள் இடது தோளைத் தொட்டது. வலது தோளில் கிடங்குச் சுவர். நடுவில் அவள் நின்ற இடம் மட்டும் ஓர் ஆள் அகலத்துக்குத் திறந்திருந்தது. துரை கடைசியாக மிச்சமிருந்த தகட்டைப் பெட்டியில் செருகி, யாரும் கேட்காமலே, எண்ணச் சொல்லாமலே, மூடியைத் திறந்தார். குப்பம் முழுவதும் இடைவெளியை அடைக்கப் பெரிய கற்களோடு ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் நிற்கவில்லை.

அவள் முதுகுக்குப் பின்னால் கல் இடுப்புவரை ஏறியது, தோள்வரை ஏறியது, தலைக்கு மேலும் ஓர் ஆள் உயரம் ஏறியது. உச்சியில் ஒரே ஒரு கல்லுக்கு இடம். கலியனும் மூன்று பேரும் மேலிருந்து கை நீட்டி அவளைக் கல்லோடு தூக்கினார்கள், தூக்கும்போதும் அவள் ஆடவில்லை. சுவரின் உச்சியில் நின்று, இடத்தைப் பார்த்து, மூன்று நாள் சுமந்த கல்லை இரண்டு கையாலும் இறக்கி வைத்தாள். அது கச்சிதமாக உட்கார்ந்தது. பிறகு கழுத்தை இந்தப் பக்கம் ஒரு சொடுக்கு, அந்தப் பக்கம் ஒரு சொடுக்கு.

"இப்ப வாடி, பாக்கலாம்" என்றாள்.

மூன்று நாள் அலையையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு கடல் வந்தது. கிடங்கின் ஓட்டைப் பிய்த்தது, சர்க்கார் கொடிமரத்தைச் சாய்த்தது, வெள்ளிக்கிழமை எடுத்த தகட்டோடு கறுப்புக் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போனது. பெட்டியைத் துரை கட்டிப்பிடித்துக்கொண்டு பனைமேட்டுக்கு ஓடியதால் தப்பியது. சுவரை முட்டியது, ஓரமாக ஓடி முடிகிற இடத்தைத் தேடியது, கிடைக்காமல் மறுபடி முட்டியது. அறுபது வீட்டில் ஒரு வீட்டு வாசல்கூட நனையவில்லை. தில்லாயி மட்டும் தலையிலிருந்து கால்வரை நனைந்து, சுவர்மேல் நின்று, சிரித்துக்கொண்டிருந்தாள்.

தாசில்தார் எழுதினார். சர்க்கார் கல்லை எடுத்துக் குப்பத்துக்காரர்கள் கள்ளச் சுவர் கட்டிவிட்டார்கள், இடிக்க உத்தரவு வேண்டும் என்று மூன்று பக்கம். பட்டணத்தில் துரையின் கடைசிப் படத்தை எடுத்துப் பார்த்தார்கள். நடுவில் ஒரு பெண், தலையில் கல், இமைகூடத் தெளிவாக விழுந்திருந்தது. அவளுக்குத் தெற்கே, ஓடி ஓடிக் கல் சுமந்த நூற்றைம்பது பேரும், அவர்கள் ஓட்டத்துக்குள் மறைந்துபோன இருநூறு அடிச் சுவரும், ஒரே புகை. அவர்கள் கண்ணாடியை நம்புகிறவர்கள். அங்கே பனிமூட்டம் தவிர ஒன்றுமில்லை, இல்லாத சுவரை இடிக்க வழியில்லை என்று தாசில்தாருக்குப் பதில் எழுதினார்கள்.

ஆறு வருஷம் கழித்து வேறொரு துரை வேறொரு பெட்டியோடு வந்து, சுவரின் தென்பக்கத்தைப் படம் பிடிக்க வேண்டும் என்றார். பழைய படத்தைக் காட்டி, இவள் உயிரோடு இருந்தால் அளவுக்கு வந்து நிற்கட்டும் என்றார். மேஸ்திரி சபாபதி தலைமயிர் நரைத்துப் போயிருந்தான். அவனுக்கே கேட்க வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டான்.

தில்லாயி வந்தாள். சுவரோரமாகப் போய் நின்றாள். துரை துணிக்குள் தலையை விட்டதும் நடக்க ஆரம்பித்தாள். முளை இருந்த இடத்திலிருந்து பனைமேடு வரை நடந்தாள், திரும்பி நடந்தாள், வழியில் குனிந்து கிளிஞ்சல் பொறுக்கினாள், காத்தாயியைக் கூப்பிட்டு மீன் என்ன விலை என்று விசாரித்தாள்.

"நில்லு தில்லாயி, எண்ணிக்கிட்டிருக்கேன்!" என்று மேஸ்திரி கத்தினான்.

"நீ எண்ணு மேஸ்திரி" என்று அவள் நடந்துகொண்டே சொன்னாள். அவளுக்குப் பின்னால் கடலும் தன் இஷ்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது.